பெஞ்சிலிருந்து கதவு வரை

அந்த மருத்துவமனையில் அவருக்கு ‘மூணு தரம்’ என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. நரம்புப் பிரிவின் நடைக்கூடத்தில், டாக்டர் அறைக் கதவோரம் மேசை போட்டு உட்கார்ந்து, காலை ஏழு மணிக்கு டோக்கன் கொடுப்பதும், ஒன்பது மணி முதல் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவதும், ரிஜிஸ்டரில் எழுதுவதும் அவர் வேலை. ஒவ்வோர் எண்ணையும் மூன்று தரம் கூப்பிடுவார். மூன்றாவது தரத்துக்குள் ஆள் கதவைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டாவிட்டால் அடுத்த எண். அவர் குரலோ மூன்று மாடிக்கும் கேட்கும். பிரசவ வார்டில் பிறக்கிற பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்குத்தான் முதலில் கண்ணைத் திறக்கின்றன என்று நர்சுகள் கேலி செய்வார்கள்.

கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவர்களை வைத்துக் கதை சொல்வது சுலபம். இவர் ஒழுங்கானவர், அதுதான் தொல்லை. நரம்பு டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை வருவார். ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். அறுபது பேர் காத்திருப்பார்கள். ஒருத்தருக்காக நின்றால் அறுபது பேரும் நிற்க வேண்டும் என்பது டோக்கன்காரரின் கணக்கு. தவறியவர்களைக் கடைசிக்குத் தள்ளுவார். ஒரு மணிக்குள் அவர்கள் முறை வராவிட்டால், எண்ணுக்கு நேராகக் குண்டு குண்டான கையெழுத்தில் ‘வரவில்லை’ என்று எழுதி, அடியில் கோடு கிழித்து, ரிஜிஸ்டரை மூடிவிடுவார். அடித்தல் திருத்தல் இல்லாத ரிஜிஸ்டர். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

தையல்காரம்மா முதல் தடவை வந்தபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடச் சீருடையும் தலையணை உறையும் தைக்கிற அம்மா. கழுத்தில் அளவு டேப்பைப் போட்டபடியே வந்திருந்தார். கழற்ற மறந்தாரா, கழற்றுகிற வழக்கமே இல்லையா தெரியாது. கூட வந்தவர் அவர் கணவர், தபால்காரர். முப்பத்தொரு வருஷம் ஊரின் ஒவ்வொரு வாசலுக்கும் நடந்தே போனவர். ஓய்வு பெற்ற மறு வருஷம் வலது கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. பிறகு கை. பிறகு முகத்தில் சிரிப்பு வரத் தாமதமானது. பிறகு கால். நடுக்குவாதம் என்றார்கள்.

நடுக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த நோயில் அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. நடந்துகொண்டிருக்கிற கால் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனசு போ என்கிறது, கால் கேட்பதில்லை. வழவழப்பான தரை, குறுகலான கதவு, இடிக்கிற கூட்டம், அவசரப்படுத்துகிற குரல், இவற்றில் ஒன்று போதும் கால் நின்றுவிட. இத்தனையும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் அந்த நரம்புப் பிரிவின் நடைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். பெஞ்சிலிருந்து கதவு வரை முப்பது அடி. அந்த நோய்க்காரர்களை ஒரு இடத்தில் மாட்டிவைக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்துக் கட்டினால்கூட இவ்வளவு பொருத்தமாகக் கட்டியிருக்க முடியாது.

தபால்காரர் எழுந்தார், நான்கு எட்டு வைத்தார், நின்றுவிட்டார். முன்பாதங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே படபடவென்று தட்டின. “இதோ வந்துட்டார் சார், வந்துட்டார்” என்றார் தையல்காரம்மா. டோக்கன்காரர் மூன்றாவது தரம் கூப்பிட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனார். ஒரு மணிக்கு ‘வரவில்லை’ என்று எழுதினார். அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவை அந்த அம்மா மேசைக்கு வந்து, ஒரு ஐந்து நிமிஷம் பொறுக்கக் கூடாதா என்று கேட்டார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார் இவர். சண்டை வரும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராகக்கூட இருந்தார். அம்மா சண்டை போடவில்லை. திரும்பி, தரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்து டேப்பை எடுத்து, பெஞ்சுக்கும் கதவுக்கும் நடுவே மண்டியிட்டு மண்டியிட்டு அளந்தார். சட்டைக்கு அளவெடுப்பதுபோல வாய்க்குள் எண்ணைச் சொல்லிக்கொண்டு, நோட்டில் குறித்துக்கொண்டு, கணவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று டோக்கன்காரர் நினைத்தார்.

அந்த அம்மாவுக்குப் புத்தியில் குறை ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு விஷயம் நடந்திருந்தது. தபால்காரர் மாடிப்படி ஏறுவார், தடையில்லாமல் ஏறுவார். சமதரையில்தான் நின்றுவிடுவார். அக்கம்பக்கத்தில் நடிப்பு என்றார்கள். கட்டின மனைவியே ஒருநாள் வாய்தவறி, படி ஏறுகிற காலுக்குத் தரையில் நடக்க வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு, அப்புறம் சமையலறைக்குள் போய் அழுதார். மறுநாள் கூடத்தில் சீருடைத் துணியை நீளமாக விரித்து, சாக்கட்டியால் குறுக்கே கோடு கோடாகப் போட்டு வெட்டத் தயாராக வைத்திருந்தார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு திரும்பினால், தபால்காரர் அந்தத் துணிமேல் நடந்து வந்துகொண்டிருக்கிறார். கோட்டுக்குக் கோடு, கோட்டுக்குக் கோடு, பழைய நடை. புதுத் துணியில் காலடி படுகிறதே என்று கத்த வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். துணி முடிந்தது, கால் நின்றது. அன்று சீருடை வெட்டவில்லை. கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும், கூடத்திலிருந்து வாசல் வரைக்கும், ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தரையில் கோடு போட்டுவிட்டுத்தான் அந்த அம்மா சாப்பிட்டார்.

நான்காவது புதன்கிழமை டோக்கன்காரர் எண்ணைக் கூப்பிட எழுந்தபோது தையல்காரம்மா தரையில் இருந்தார். பெஞ்சிலிருந்து பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து, வெள்ளைச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு வந்தார். கூட்டத்தில் சிரிப்பு. நொண்டி விளையாடப் போகிறீர்களா என்று யாரோ கேட்டார்கள். அம்மா காதில் வாங்கவில்லை. கதவு நிலைக்கு முன்னால் கடைசிக் கோட்டைக் கொஞ்சம் தடிப்பாகப் போட்டுவிட்டு எழுந்து, டோக்கன்காரரைப் பார்த்து, கூப்பிடுங்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

ஒரு தரம் கூப்பிட்டார். தபால்காரர் எழுந்தார். குனிந்து முதல் கோட்டைப் பார்த்தார். கால் எழுந்தது, கோட்டைத் தாண்டியது. இன்னொரு கால், இன்னொரு கோடு. தோள் நிமிர்ந்தது. தபால் பை தொங்கின தோளைச் சற்றே சாய்த்து, வேலை நாளில் எப்படி நடந்திருப்பாரோ அப்படி நடந்தார். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். முப்பது அடியையும் நடந்து, நிலையைத் தாண்டி, டாக்டர் அறைக்குள் போனார். இரண்டாவது கூப்பாட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. இருபது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஊசி இல்லை, மாத்திரை இல்லை, ஒரு துண்டு சாக்கட்டி. உள்ளே இருந்த டாக்டர்கூடப் பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்து தரையைப் பார்த்தார். இப்படிக் கோடு போட்டால் கால் வருவது உண்டு, படித்திருக்கிறேன், இவ்வளவு நேராக நடந்து பார்த்ததில்லை என்று சொன்னார்.

அன்று அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஏழு பேர் வந்தார்கள். கோடு எல்லோருக்கும் உதவிவிடவில்லை. பக்கவாதம் வந்தவருக்கு வேறு தொல்லை, வலிப்பு வருகிற பெண்ணுக்கு வேறு தொல்லை. ஆனால் யாருடைய தொல்லை எது என்று அந்த நடைக்கூடத்தில் தையல்காரம்மா கேட்க ஆரம்பித்தார் பாருங்கள், அதுதான் புதுசு. ஒரு மணிக்குத் துப்புரவுக்காரப் பெண் வந்து, தரையின் அலங்கோலத்தைப் பார்த்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துத் துடைத்தாள். இரண்டு வாரம் கழித்து அம்மா மறுபடி போட்டார். அவள் மறுபடி துடைத்தாள். நான்காம் தடவை அம்மா அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, கணவர் நடப்பதை மட்டும் ஒரு தரம் நின்று பார்த்துவிட்டுத் துடைக்கச் சொன்னார். பார்த்தாள். அதற்குப் பிறகு, புதன்கிழமைகளில் அவள் பெஞ்சுக்கு அடியில் மட்டும் மிகவும் சுத்தமாகத் துடைத்தாள்.

எல்லாம் ஒரு வழிக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். நரம்புப் பிரிவில் பதிவு செய்கிறவர்களில் நிறையப் பேர் வருவதில்லை, ஆகையால் மூன்று மாதத்துக்குப் பிறகு இந்தப் பிரிவு இங்கே இயங்காது, தேவைப்படுவோர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லவும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் அரை நாள், அதுவும் இரண்டு பஸ் மாற வேண்டும். முப்பது அடி நடக்க முடியாதவர்களை அங்கே போகச் சொன்னார்கள்.

டோக்கன்காரர் தாளைப் படித்தார். மேலிடத்து முடிவு, நமக்கென்ன என்று மேசைக்குத் திரும்பினார். ஆனால் ‘வருவதில்லை’ என்ற சொல் செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாவது நாள், காற்சட்டை இடுப்பில் இறுக்குகிறது என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனார். இடுப்பு இறுக்குவது உண்மைதான். அது ஐந்து வருஷமாக இறுக்குகிறது.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். தைக்கிற மெஷின், வெட்டுகிற மேசை, மூலையில் துண்டுத் துணி மூட்டை. உள்ளே எட்டிப் பார்த்தவர் தரையைக் கண்டார். கட்டிலிலிருந்து குளியலறைக்கு வெள்ளைக் கோடு, வாசலுக்கு நீலக் கோடு, சாப்பாட்டு மேசைக்குச் சிவப்புக் கோடு. பஸ் நிலையத்தில்கூட இவ்வளவு தெளிவாக வழி போட்டிருக்க மாட்டார்கள். சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தபால்காரர் விருந்தாளிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். பாதி டம்ளர்தான் ஊற்றியிருந்தார். கை ஆடினால் சிந்தாத அளவு எது என்று அவருக்குத் தெரியும். ஒரு சொட்டுச் சிந்தாமல் மேசைமேல் வைத்துவிட்டு, இறுகிப்போன முகத்தில் கண்ணால் மட்டும் சிரித்தார். டோக்கன்காரர் அந்தத் தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

அம்மா இடுப்பை அளந்துகொண்டே கேட்டார்.

“வரவில்லைன்னு எழுதியிருக்கீங்களாமே சார்?”

“வரலைன்னா வேற என்னம்மா எழுதறது?”

“டோக்கன் கொடுத்தது யாரு? காலைல ஏழு மணிக்கு நேர்ல வந்து நின்னாத்தானே டோக்கனே கொடுப்பீங்க. டோக்கன் வாங்கினவங்க எப்படி சார் வராம இருப்பாங்க?”

இருபது வருஷம். ஒரு கையால் டோக்கன் கொடுத்து, அதே கையால் வரவில்லை என்று எழுதியிருக்கிறார். மேலே இருக்கிறவர்களுக்கும் தோன்றவில்லை, கீழே இருக்கிறவருக்கும் தோன்றவில்லை. இடுப்பளவு எடுக்கிற ஒரு பெண்பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. வெட்கமும் பிரமிப்பும் சேர்ந்து வந்தால் மனிதன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விழிப்பான். அவர் தன் வயிற்றைச் சுற்றியிருந்த டேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா அளவு நோட்டை எடுத்துக் காட்டினார். தோள், மார்பு, இடுப்பு என்று முன்பு கட்டம் போட்டிருந்த நோட்டு. அந்தத் தலைப்புகளை அடித்துவிட்டு, எழுந்திருக்க எத்தனை நிமிஷம், கதவு வரை எத்தனை நிமிஷம், மாத்திரை வேலை செய்கிற நேரம் எது, மாத்திரை கிடைக்காத நாள் எத்தனை என்று எழுதியிருந்தார். ஒவ்வொருவர் பக்கத்திலும் அவர்களுடைய பழைய டோக்கன் சீட்டுகள் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தன. வந்த ஆள் என்பதற்கு அதுதான் சாட்சி. ஒவ்வொரு சீட்டிலும் தேதி முத்திரை, ஒவ்வொன்றிலும் டோக்கன்காரரின் சுருக்கக் கையெழுத்து.

இத்தனை பேரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். அம்மா கணவரைக் காட்டினார். தபால்காரருக்குக் குரல் தாழ்ந்துபோயிருந்தது, கிட்டப் போய்க் குனிந்தால்தான் கேட்கும். டோக்கன்காரர் குனிந்தார்.

“கதவு திறக்க நேரமாகிற வீடுங்க எனக்குத் தெரியும் சார்” என்றார் தபால்காரர். “தட்டிட்டு நின்னுக்கிட்டே இருப்பேன். உள்ள காலைத் தேய்க்கிற சத்தம் கேட்கும், வரமாட்டாங்க. அப்போ எல்லாம் சலிச்சுக்குவேன். சில நாள் தபாலை அடியில தள்ளிட்டுப் போயிருக்கேன். எனக்கு வந்தப்புறம்தான் தெரியுது, அவங்க வந்துக்கிட்டு இருந்திருக்காங்க.”

மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரமாகப் பார்த்து, ஞாயிறு தோறும் புருஷனும் மனைவியும் அந்தக் கதவுகளைத் தட்டியிருக்கிறார்கள். நாற்பத்தொரு வீடு. இந்தத் தடவை கதவு திறக்கும் வரை நின்றிருக்கிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், இரண்டு வருஷமாக வெளியே வரவில்லை. ஒருவர் ஹோட்டலில் சமையல்காரராக இருந்த அம்மா, கடைசியாக ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று நடைக்கூடத்தில் எல்லோரும் பார்க்க விழுந்ததோடு சரி. அவர்களை எல்லாம் சேர்த்துத்தான் மனு எழுதியிருந்தார்கள். பிரிவை மூடக் கூடாது. டாக்டர் வாரா வாரம் வர வேண்டும். மாத்திரை இங்கேயே தடையில்லாமல் கிடைக்க வேண்டும். பெஞ்சைக் கதவுக்கு அருகே போட வேண்டும், கோட்டை அழியாத பெயிண்டில் போட வேண்டும், ஆள் வந்து சேரும் வரை பொறுக்க வேண்டும். கடைசி வரி தன்னைப் பற்றியது என்று டோக்கன்காரருக்குப் புரிந்தது. காற்சட்டையை எப்போது வாங்கிக்கொள்வது என்று கேட்காமலே கிளம்பிவிட்டார்.

மேலிடத்து அதிகாரி நேரில் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. புதன்கிழமை பத்து மணி. தையல்காரம்மா வீடு வீடாகச் சொல்லி அனுப்பினார். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள், வந்தவர்களைப் பார்த்து அந்த அம்மாவுக்கே கண் நிறைந்தது. ஆனால் இந்த மனிதர்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். பெரிய அதிகாரி வருகிறார், அவர் முன்னால் கையை ஆட்டிக்கொண்டா உட்காருவது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்து, சொல்லி வைத்தாற்போல, ஒன்பதரைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டார்கள். போட்ட அரை மணியில் அது உடம்பின் இறுக்கத்தைத் தளர்த்திவிடும், இரண்டு மணி நேரம் போல நிற்கும். தபால்காரரும் போட்டுக்கொண்டார். சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலையை வாரி, மனைவியே மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். துப்புரவுக்காரப் பெண்ணும் தன் பங்குக்கு, அதிகாரி வருகிற இடமாயிற்றே என்று, அம்மா காலையில் போட்ட கோட்டை எல்லாம் துடைத்துத் தரையைப் பளபளக்க வைத்திருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரி வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். நடுக்கமில்லாத கைகள், துவைத்த சட்டைகள். கணக்கு வாத்தியார் எழுந்து நின்று வணக்கம்கூடச் சொன்னார். எல்லோரும் நன்றாக இருக்கிறீர்களே, சந்தோஷம் என்றார் அதிகாரி. ரிஜிஸ்டரைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் வரவில்லை, வரவில்லை. தையல்காரம்மா மனுவை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி, தபாலில் போடுங்கள், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கண்காணிப்பாளர் அறைக்குப் போய்விட்டார். அம்மா அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என்ன செய்துவைத்தோம் என்று அவருக்கு விளங்கியது. மனுவை மடியில் வைத்துக்கொண்டு கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தம்மா கை சும்மா இருந்து டோக்கன்காரர் பார்த்தது அன்றுதான்.

டாக்டர் அன்று தாமதமாக வந்தார். டோக்கன்காரர் கூப்பிட ஆரம்பித்தார். ஆனால் பதினேழாம் எண்ணைத் தள்ளிக்கொண்டே போனார். பதினேழு தபால்காரர். பதினாறுக்கு அப்புறம் பதினெட்டைக் கூப்பிட்டார், பத்தொன்பதைக் கூப்பிட்டார். இருபது வருஷத்தில் வரிசை மாறாத மனிதர். உங்களுக்கு என்ன ஆயிற்று என்பதுபோலத் துப்புரவுக்காரப் பெண்கூடப் பார்த்தாள். பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. மாத்திரையின் வேகம் இறங்க ஆரம்பித்தது. வாத்தியாரின் முழங்கால் ஆடியது. தபால்காரரின் கட்டைவிரல் முதலில், பிறகு கை. பன்னிரண்டே காலுக்கு அதிகாரி, வாசலில் நிற்கிற காருக்குப் போக, அதே நடைக்கூடத்தின் வழியாகத் திரும்பி வந்தார். கதவருகே வந்ததும் டோக்கன்காரர் எழுந்து நின்று மூன்று மாடிக்கும் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

“பதினேழு!”

அதிகாரி திடுக்கிட்டு நின்றார். தபால்காரர் மனைவியின் மடியிலிருந்த மனுவைத் தன் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். நான்கு எட்டு வைத்தார். கோடில்லாத தரை கண்ணாடிபோல விரிந்து கிடந்தது. கால் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் தரம் கூப்பிட்டார். முன்பாதங்கள் படபடவென்று தட்டின, இடம் நகரவில்லை. மூன்றாம் தரம் கூப்பிட்டார்.

“என்னய்யா, ஆள் வரலையா?” என்றார் அதிகாரி.

“வந்திருக்கார் சார். இதோ உங்க கண்ணு முன்னாடி நிக்கிறார். ஆனா மூணு தரம் கூப்பிட்டாச்சு, இப்போ நான் வரவில்லைன்னு எழுதணும். அப்படித்தான் சார் எழுதிக்கிட்டு வந்திருக்கேன். நீங்க பார்த்தீங்களே, அந்த ரிஜிஸ்டர் முழுக்க இவங்கதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் டோக்கன்காரருக்கு வேலை ஞாபகம் வந்தது, சம்பளம் ஞாபகம் வந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். மேசையைச் சுற்றி வந்து தையல்காரம்மாவிடம் கையை நீட்டினார். அம்மாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சாக்கட்டியைக் கொடுத்தார். தொந்தி இடிக்க, அம்மா பிரித்துத் தைத்துக் கொடுத்த காற்சட்டை அழுக்காக, அந்த மனிதர் தபால்காரரின் காலடியில் மண்டியிட்டுக் கோடு போட்டார். கோணல் கோடு.

“ஒன்றரை அடி சார்” என்றார் அம்மா. “அது ரெண்டடி.”

கையால் அழித்துவிட்டு மறுபடி போட்டார். துப்புரவுக்காரப் பெண் வாளியை வைத்துவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து, கதவருகிலிருந்து, இன்னொரு துண்டால் போட ஆரம்பித்தாள். தபால்காரர் குனிந்து பார்த்தார். கால் எழுந்தது. முதல் கோட்டைத் தாண்டியது. டோக்கன்காரர் முன்னே நகர நகர அவர் பின்னே வந்தார். கை நடுங்குகிறது, கையிலிருக்கிற தாள் சலசலக்கிறது, கால் மட்டும் பிசகாமல் வருகிறது. இதை ஏற்கெனவே பத்து தடவை பார்த்தவர்தான் டோக்கன்காரர். ஆனால் தரையோடு தரையாக இருந்து, அந்தப் பாதம் தன் முகத்துக்கு எதிரே தூக்கி வைக்கப்படுவதைப் பார்த்தது அன்றுதான். ஒரு மனிதன் ஒரு எட்டு வைப்பதற்குள் இத்தனை இருக்கிறதா என்று அவர் மலைத்துப் போனார்.

தபால்காரர் கதவுக்குப் போகவில்லை. கடைசிக் கோட்டில் திரும்பி அதிகாரிக்கு முன்னால் நின்று, மனுவை நீட்டினார். குரல் எழும்பவில்லை. அதிகாரி குனிந்தார்.

“தபால் சார்” என்றார். “கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும்.”

அதிகாரி இரண்டு கையாலும் வாங்கினார். நின்ற இடத்திலேயே முழுவதையும் படித்தார். கார் காத்துக்கொண்டிருந்தது, டிரைவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிரிவை மூடவில்லை. டாக்டர் இப்போது வாரா வாரம் வருகிறார். பெஞ்சு கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, தரையில் மஞ்சள் பெயிண்டு. மாத்திரைதான் இன்னும் மாதக் கடைசியில் தீர்ந்துபோகிறது. தையல்காரம்மா அதற்கு அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறார், தபால்காரர் கொண்டுபோய்க் கொடுப்பார். டோக்கன்காரருக்கு ஒரு மெமோ வந்தது. பதினோரு மாத ரிஜிஸ்டரில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரை வரவில்லை என்று பதிந்ததற்கு, ஒவ்வொரு பதிவுக்கும் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். ஊழியர் சங்கத்து ஆட்கள் வந்து, விதிப்படி செய்தேன் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுங்கள், யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். வீட்டில் அவர் மனைவியும் அதையே சொன்னார்.

டோக்கன்காரர் மேசையில் உட்கார்ந்து இரண்டு நாள் எழுதினார். தேதி, டோக்கன் எண், அதற்கு நேராக அதே குண்டு குண்டான கையெழுத்தில்: ‘வந்திருந்தார். நான் காத்திருக்கவில்லை.’ அடுத்த எண். ‘வந்திருந்தார். நான் காத்திருக்கவில்லை.’ இருநூற்றுப் பன்னிரண்டு தரமும் முழுசாக எழுதினார், மேற்படி என்று ஓரிடத்திலும் போடவில்லை. கடைசிப் பக்கத்தில் கை கடுத்து, விரல் நடுங்கத் தொடங்கியது. பேனாவை வைத்துவிட்டு அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நடுக்கம் நின்ற பிறகு, மீதி ஒன்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.